ரெண்டும் ஒண்ணுதானே மாமா? ஒரே மாதிரி மணக்கும் இரண்டு சென்ட்டில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது

அக்கா மகனுக்குத் துறைமுகம் பக்கம் ஒரு ஷிப்பிங் ஆபீசில் வேலை கிடைத்தது. முதல் சம்பளத்தில் எம்.சி. ரோட்டுக்குப் போய் அம்மாவுக்குப் புடவை எடுத்தான். மிச்சத்தில் தனக்கென்று ஒரு நல்ல சென்ட் வாங்க ஆசை. தண்டையார்பேட்டையில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தபோது சட்டைப்பையில் இரண்டு காகிதப் பட்டைகள் வைத்திருந்தான். கடையில் தெளித்துக் கொடுத்தவை.

"ரெண்டும் ஒண்ணுதானே மாமா? அப்புறம் இதுக்கு மட்டும் ஏன் ஆயிரத்து எண்ணூறு ரூபா அதிகம்?"

முகர்ந்து பார்த்தேன். எலுமிச்சைத் தோலைக் கிள்ளியதுபோல ஒரு பளிச், அதன் பின்னாலேயே கொஞ்சம் மிளகு. இரண்டிலும் அதே. ஒரே கம்பெனி, ஒரே பெயர், ஒரே நிறத்தில் பாட்டில். ஒன்றில் இ.டி.டி. (ஓ டி டாய்லெட்) என்றும் இன்னொன்றில் இ.டி.பி. (ஓ டி பர்ஃபம்) என்றும் போட்டிருந்தது, அவ்வளவுதான். அவன் கேட்டதில் தப்பே இல்லை, அந்த நிமிடத்துக்கு இரண்டும் ஒன்றுதான். அன்றைக்கு அவனுக்குச் சொன்னதையும், அதற்கடுத்த வாரம் நாங்கள் செய்து பார்த்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

பிரியாணி அண்டாவில் தம் உடைக்கும்போது பக்கத்தில் நின்றிருக்கிறீர்களா? மூடியைத் திறந்ததும் முதலில் முகத்தில் அடிப்பது புதினாவும் எலுமிச்சையும். தட்டில் போட்டுச் சாப்பிடும்போது அது அடங்கி, மசாலாவும் இறைச்சியும் முன்னால் வரும். கையை சோப்புப் போட்டுக் கழுவின பிறகும் ராத்திரி படுக்கும்போது விரலில் நிற்பது பட்டை, கிராம்பு, நெய். சென்ட்டும் இப்படித்தான் வேலை செய்கிறது. அதற்குள் பல மணப்பொருள்கள் இருக்கின்றன, எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்புவதில்லை. எலுமிச்சை, ஆரஞ்சு வகையறாவின் மூலக்கூறுகள் சிறியவை, லேசானவை. தோலின் சூடு பட்டதும் கால் மணி, அரை மணியில் பறந்துவிடும். பூக்களும் மசாலாப் பொருட்களும் அடுத்த இரண்டு மூன்று மணி நேரத்துக்கு நிற்கும். சந்தனம், வெனிலா, சாம்பிராணி, மஸ்க் (கஸ்தூரி) மாதிரி கனமானவை மெதுவாகக் கிளம்பி மாலை வரைக்கும், துணியில் பட்டிருந்தால் மறுநாள் வரைக்கும் இருக்கும். மேல் மணம், நடு மணம், அடி மணம் என்று இவற்றைப் பிரித்துச் சொல்வார்கள். மூன்றுக்கும் நடுவில் கோடு எதுவும் கிடையாது, ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டே போகும்.

கடையில் நாம் நிற்பது பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்தில் மூக்குக்கு வருவது மேல் மணம் மட்டும். சென்ட் செய்பவர்களுக்கும் இது தெரியும், அதனால் முதல் பத்து நிமிடத்தைப் பளபளவென்று வைத்துவிடுகிறார்கள். நாம் காசு கொடுப்பது அதற்கு, பிறகு பகல் முழுக்கக் கூடவே சுமப்பது அடி மணத்தை. ஒரே மாதிரி இருக்கும் இரண்டு சென்ட் பெரும்பாலும் பிரிந்து போவதும் அந்த அடியில்தான்.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் மண்ணடியில் ஒரு அத்தர்க்கடை பாய். வருடம் பல ஆகிவிட்டது. மஜ்முவா என்ற பெயரில் இரண்டு குப்பிகள் வைத்திருந்தார். ஒன்றின் விலை மற்றதைப்போல மூன்று மடங்கு. (மஜ்முவா என்றால் அரபியில் தொகுப்பு. பல மணங்களைச் சேர்த்த கலவை அது. ஆளுக்கு ஆள் கைப்பக்குவம் மாறும்.) முகர்ந்தால் இரண்டுமே மழை விழுந்த மண்ணும் வெட்டிவேருமாகத்தான் இருந்தன.

"பாய், ரெண்டும் ஒரே மாதிரிதானே இருக்கு?"

கண்ணாடிக் குச்சியால் என் இரண்டு புறங்கையிலும் ஒவ்வொன்றைத் தடவிவிட்டார். "இப்போ ஒரே மாதிரிதான் இருக்கும் தம்பி. வேலைய முடிச்சுட்டு மஃரிப் தொழுகைக்கு அப்புறம் வாங்க. உங்க மூக்கே சொல்லும்."

பாரிமுனையில் நாலு வேலை பார்த்துவிட்டுச் சாயங்காலம் திரும்பிப் போனேன். இடது கையில் தேங்காய் எண்ணெய் தீர்ந்த பாட்டிலின் வாசம்தான் மிச்சம். வலது கையில் வெட்டிவேர் இளைத்துப்போய், அடியிலிருந்து சந்தனம் மேலே வந்திருந்தது. பழைய முறையில் கன்னோஜில் அத்தர் வடிப்பவர்கள் பூவையோ வேரையோ செம்புப் பானையில் கொதிக்க வைத்து, அந்த ஆவியைச் சந்தன எண்ணெய்க்குள் இறக்குவார்கள். சந்தன எண்ணெய்க்கு இன்றைக்கு இருக்கும் விலையில் எல்லாராலும் அது முடியாது, மணமில்லாத மலிவான எண்ணெயில் கலந்தும் அத்தர் வருகிறது. முகர்ந்த உடனே இந்த வித்தியாசம் பிடிபடாது. பாய் என்னை அலைய விட்டதற்குக் காரணம் அதுதான்.

சரி, இ.டி.டி., இ.டி.பி. விஷயத்துக்கு வருவோம். சென்ட் பாட்டிலில் இருப்பதில் பெரும்பங்கு ஆல்கஹால். அதில் மண எண்ணெய் எவ்வளவு என்பதைத்தான் இந்தப் பெயர்கள் குத்துமதிப்பாகச் சொல்கின்றன. கொலோன் என்றால் சுமார் 2 முதல் 5 சதவீதம், இ.டி.டி. 5 முதல் 15, இ.டி.பி. 15 முதல் 20, பர்ஃபம் அல்லது எக்ஸ்ட்ரே என்று போட்டிருந்தால் அதற்கு மேல். இது வழக்கமாக வந்த கணக்கு, கட்டாயம் ஒன்றும் கிடையாது. ஒரு கம்பெனியின் இ.டி.டி. இன்னொரு கம்பெனியின் இ.டி.பி.யைவிட அதிக நேரம் நிற்பது சாதாரணம்.

பலரும் சறுக்குவது இன்னொரு இடத்தில். இ.டி.பி. என்றால் அதே இ.டி.டி.யை இன்னும் கெட்டியாகப் போட்டது, டிகாக்ஷன் கூட ஊற்றிய காபி மாதிரி, என்று நினைத்துக்கொள்கிறார்கள். பல நேரம் அது வேறு காபி. ப்ளூ டி ஷனேல் என்ற சென்ட்டின் இ.டி.டி. வந்தது 2010இல், இ.டி.பி. 2014இல், பர்ஃபம் 2018இல். டியோர் சவாஜ் இ.டி.டி. 2015இல், இ.டி.பி. 2018இல். பிறகு வந்த ஒவ்வொன்றும் தனியாக உட்கார்ந்து செய்த கலவை. சவாஜின் இ.டி.பி.யில் வெனிலா தூக்கலாக இருக்கும், இ.டி.டி.யில் அந்த இனிப்பு அவ்வளவு கிடையாது. பெயரும் தலைப்பக்கமும் ஒன்று, கால் வேறு. ஆகவே 'ஸ்ட்ராங்கா இருக்கும்' என்பதற்காக மட்டும் விலை கூடியதை வாங்கினால், நமக்குப் பிடித்ததை விட்டுவிட்டு அதன் அண்ணனை வீட்டுக்குக் கூட்டி வந்த கதையாகிவிடும்.

நானே அப்படி மாட்டியிருக்கிறேன். ஒரு கடையில் பட்டையில் தெளித்துக் கொடுத்ததை முகர்ந்துவிட்டு, அங்கேயே காசைக் கட்டி, ஒரு மே மாதத்தில் அதைப் போட்டுக்கொண்டு திருவொற்றியூரில் ரயில் ஏறினேன். கொருக்குப்பேட்டை தாண்டுவதற்குள் எலுமிச்சை காலி. அதற்கப்புறம் வந்தது பால் பாயசம். பகல் பன்னிரண்டு மணி வெயிலில், வியர்வையோடு சேர்ந்த பாயசம். பக்கத்தில் நின்ற அம்மா முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டார். அந்த பாட்டில் இன்னும் முக்கால்வாசி இருக்கிறது.

வெயில் செய்கிற வேலை அது. சூடு ஏற ஏற எல்லாம் வேகமாக ஆவியாகும். குளிர் நாட்டில் அரை மணி நிற்கும் மேல் மணம் நம் ஊரில் பத்து நிமிடத்தில் போய்விடலாம், கனமான இனிப்பு மணங்கள் ஒரேயடியாகப் பொங்கி எழலாம். கடல் ஓரத்து ஈரக்காற்று வேறு, மணத்தைத் தூக்கிப் பிடிக்கும். இணையத்தில் யாரோ 'பன்னிரண்டு மணி நேரம் நின்றது, அருமை' என்று எழுதியிருப்பார். எந்த ஊரில், எந்த மாதத்தில், ஏசிக்குள்ளா வெளியிலா என்று அவர் சொல்லியிருக்க மாட்டார். காகிதப் பட்டையும் அப்படித்தான் நம்மை ஏய்க்கும். காகிதத்துக்குச் சூடு கிடையாது, எண்ணெய்ப்பசை கிடையாது, வியர்வை கிடையாது. பிடிக்காததைக் கழித்துக்கட்ட அது போதும், கடைசி இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கப் போதாது.

மூக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. காசிமேட்டுக்கு வெளியூர் நண்பர்களைக் கூட்டிப் போனால் கால் வைத்ததுமே மூக்கைச் சுளிப்பார்கள். அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு மீன் வாசம் என்று தனியாக ஒன்று தெரிவதே இல்லை. சுத்திகரிப்பு ஆலைப் பக்கம் இருக்கும் மணலிக்காரர்களிடம் கேளுங்கள், அவர்களுக்கும் அவர்கள் ஊர்க் காற்று அப்படித்தான். ஒரே மணம் தொடர்ந்து வந்தால் மூளை அதை ஓரத்தில் ஒதுக்கிவிடும், புதிதாக வருவதற்கு இடம் விட. நாம் போட்ட சென்ட்டுக்கும் அதே கதிதான். 'மதியத்துக்கெல்லாம் போயிடுச்சு, டூப்ளிகேட்டா கொடுத்துட்டான்' என்று புலம்புகிறவரைத் தாண்டிப் போனால் கமகமவென்று இருக்கும். நின்றதா இல்லையா என்பதை வீட்டுக்கு வெளியிலிருந்து வருகிற ஒருவரிடம் கேட்பதுதான் நியாயம். கடைகளில் நடுவே முகரச் சொல்லிக் காபிக்கொட்டைக் கிண்ணத்தை நீட்டுவார்கள், சும்மா காற்றை இழுப்பதைவிட அதனால் பெரிதாக லாபம் இல்லை. வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள்.

ஆளுக்கு ஆள் மூக்கும் வேறு. மணத்தை உணரும் ஏற்பிகளில் சுமார் 400 வகை மனிதருக்கு உண்டு. அவற்றின் மரபணுக்களைக் கண்டுபிடித்ததற்காக ரிச்சர்ட் ஆக்செலுக்கும் லிண்டா பக்குக்கும் 2004இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த ஏற்பிகள் எல்லாருக்கும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. சில மஸ்க் வகைகள் சிலருக்குத் துளியும் தெரியாது. அக்காவுக்கு ஒரு சென்ட்டில் சோப்புத் துணி மணம் தூக்கலாக வரும், எனக்கு அதே இடத்தில் ஒன்றுமே இருக்காது. யார் மூக்கு சரி என்ற சண்டைக்கு இதில் வேலையில்லை.

வித்தியாசம் தெரிகிறது, ஆனால் சொல்லத் தெரியவில்லை என்பது பலருக்கும் உள்ள தொல்லை. பத்ரியன் தெருவில் பூ வாங்கும் பெண்களைப் பார்த்தால் நமக்கு இந்தத் தொல்லையே இருக்கக் கூடாது. மல்லியும் ஜாதிமல்லியும் கண்ணை மூடிக்கொண்டே அவர்களுக்குத் தெரியும். மல்லியில் ஒரு பச்சைக் குளிர்ச்சி இருக்கும். ஜாதிமல்லி பழுத்த மணம், கொஞ்சம் மயக்கும். சென்ட் உலகமும் இந்த இரண்டையும் வேறு வேறு சரக்காகத்தான் வைத்திருக்கிறது, நம் தமிழ்நாட்டு மல்லியின் சாறு பிரான்ஸ் வரை போகிறது. பாட்டில் பெட்டியில் வாயில் நுழையாத பெயர்களைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஆம்பர் என்று போட்டிருந்தால் சாம்பிராணியும் வெனிலாவும் சேர்ந்தது என்று நினைத்துக்கொள்ளுங்கள், பக்கத்தில் வந்துவிடுவீர்கள். ஓக்மாஸ் என்பது பிரியாணியில் போடும் கல்பாசிக்கு உறவுக்காரன், இரண்டும் மரப்பட்டையில் படரும் லைக்கன் வகை, அதாவது பாசியும் பூஞ்சையும் சேர்ந்து வாழ்வது. தவனா என்பது நம் மரிக்கொழுந்து. வெட்டிவர் வெட்டிவேர்தான். பச்சௌலி என்ற பெயரும் தமிழிலிருந்து போனது என்று ஆங்கில அகராதிகளே போட்டிருக்கின்றன. பாதிச் சரக்கு நம் வீட்டுப் பெட்டியில் இருந்ததுதான்.

அடுத்து, அசலும் சாயலும். பீச் ஸ்டேஷன் எதிரே, 1960களில் பர்மாவிலிருந்து திரும்பியவர்களுக்காக அமைந்த பர்மா பஜாரில் 'ஃபாரின் சென்ட்' வாங்குவது எங்கள் தலைமுறைக்குப் பெரிய விஷயம். இப்போது எங்கே பார்த்தாலும் 'அதே மாதிரி' சென்ட்கள். வாயு குரோமடோகிராஃபி என்ற கருவியில் ஒரு சொட்டு விட்டால் அதில் என்னென்ன இருக்கிறது என்று பெரும்பாலும் பிரித்துக் காட்டிவிடும், அதை வைத்து இன்னொரு கம்பெனி சாயலில் ஒன்றைச் செய்துவிடலாம். 2010இல் வந்த க்ரீட் அவென்டஸ் என்ற அசலுக்குப் பக்கத்தில் அதன் சாயலான அர்மாஃபின் கிளப் டி நுய் இன்டென்ஸை வைத்துப் பார்க்காத சென்ட் பிரியர் இல்லை. சாயலில் தொடக்கத்தில் எலுமிச்சை கொஞ்சம் கூர்மையாகக் குத்தும், பிறகு இரண்டும் நெருங்கிவிடும் என்பது பலரும் சொல்வது. இங்கே கதை தலைகீழ், பாருங்கள்: பிரிவது தலையில், சேர்வது காலில். நல்ல எலுமிச்சை எண்ணெய், இயற்கைப் பூச்சாறு போன்ற விலை கூடிய சரக்கில்தான் முதலில் கைவைப்பார்கள் என்பதால் இப்படி ஆகிறது என்று நினைக்கிறேன். சாயல் சென்ட் வாங்குவதில் எனக்குக் கூச்சம் ஒன்றும் இல்லை, தன் சொந்தப் பெயரில் வருகிறவரை. அசலின் பெயரையே ஒட்டி வரும் போலி வேறு சமாச்சாரம், அதற்குள் என்ன ஊற்றியிருக்கிறார்கள் என்பது ஊற்றியவனுக்கே வெளிச்சம். தோலில் படுகிற பொருள் அது.

அதே அசல்கூட நேற்றைக்கும் இன்றைக்கும் மாறலாம். ஓக்மாஸுக்கு ஒவ்வாமைக் காரணமாக அளவு கட்டுப்பாடு வந்தது. லிலியல் என்ற மணப்பொருளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2022 மார்ச் 1 முதல் தடையே போட்டது. அப்போதெல்லாம் பெயரை மாற்றாமல் கலவையை மட்டும் மாற்றிவிடுவார்கள். அண்ணன் பத்து வருடம் முன் வாங்கிய பாட்டிலும் நீங்கள் இன்று வாங்கியதும் ஒத்துப்போகவில்லை என்றால் உடனே கடைக்காரரோடு சண்டைக்குப் போக வேண்டாம்.

இனி நாங்கள் செய்த சோதனை. பெரிய பாட்டில் வாங்கும் முன் 2 மில்லி சாம்பிள் குப்பி இரண்டு வாங்கிக்கொண்டோம், தனியாக விலைக்குக் கிடைக்கிறது. காகிதத்தைப் பட்டை பட்டையாக வெட்டி, மூன்றில் சென்ட் தொட்டு வைத்தோம்: இரண்டில் ஒன்று, மூன்றாவதில் மற்றது. எது எது என்று பின்பக்கம் பென்சிலால் எழுதி, கலைத்து நீட்டுவது அக்காவின் வேலை. ஒத்துப்போகாததைப் பையன் கண்டுபிடிக்க வேண்டும். உணவுக் கம்பெனிகளில் ருசி பார்ப்பவர்களுக்கு வைக்கும் முக்கோணச் சோதனை இதுதான். சும்மா கை காட்டினாலே மூன்றில் ஒரு தடவை சரியாக வரும் என்பதால் ஆறு தடவை வைத்தோம். ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஐந்து நிமிட ஓய்வு.

தொட்டு ஆல்கஹால் பறந்ததும் பார்த்ததில் ஆறுக்கு இரண்டு சரி. அதாவது குருட்டு அதிர்ஷ்டம்.

பட்டைகளை ஜன்னலோரம் வைத்துவிட்டு, சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டு, நாலு மணி நேரம் கழித்து மறுபடியும். ஆறுக்கு ஐந்து சரி. வெறும் ஊகத்தில் அப்படி வர நூற்றுக்கு இரண்டு வாய்ப்புகூடக் கிடையாது. "இதுல இனிப்பா ஏதோ இருக்கு மாமா, கேசரி மாதிரி" என்றான். இ.டி.பி. அது.

வித்தியாசம் இருப்பது உறுதியான பிறகுதான் எது பிடிக்கிறது என்ற கேள்வி வருகிறது. நாலு மணி நேரம் கழித்தும் கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் கேள்வியே இல்லை, விலை குறைந்ததை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டலாம்.

அடுத்த நாள் தோலில். இடது மணிக்கட்டில் ஒன்று, வலதில் ஒன்று. தேய்க்கக் கூடாது, தேய்த்தால் சூடாகி மேல் மணம் சீக்கிரம் போய்விடும். ஒரே நேரத்தில் மூன்றாவது ஒன்றைச் சேர்க்கவே கூடாது. வீட்டில் உட்கார்ந்து சோதிப்பதில் பிரயோஜனம் இல்லை, ரயில், வெயில், ஆபீஸ் ஏசி எல்லாவற்றுக்குள்ளும் போய் வர வேண்டும். காலை பத்துக்கு, ஒரு மணிக்கு, மாலை ஐந்துக்கு முகர்ந்து பார்த்து போனில் ஒரு வரி எழுதிவைத்தான். மறுநாள் கைகளை மாற்றினான், வாட்ச் கட்டும் கைக்கும் கட்டாத கைக்கும்கூட வித்தியாசம் வரும். மூன்றாவது நாள் ஒன்றை மட்டும் போட்டுக்கொண்டு போய், பக்கத்து சீட்டுக்காரரிடம் கேட்டான்.

காசுக் கணக்கு சின்னது. ஒரு தடவை அழுத்தினால் சுமார் 0.1 மில்லி வரும், 100 மில்லி பாட்டிலில் ஆயிரம் தடவை. தினம் நாலு அழுத்து என்றால் எட்டு மாதம். இ.டி.பி.யில் இரண்டு அழுத்து போதும் என்றால் அது விலை கூடியதாக இருந்தாலும் கணக்கில் மலிவாகிவிடும். அவனுக்கு இந்தக் கணக்கை நான்தான் போட்டுக் காட்டினேன், இ.டி.பி. பக்கம் கொஞ்சம் சாய்த்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

போனில் அவன் எழுதியிருந்ததைக் காட்டினான். இ.டி.டி.க்கு மாலை ஐந்து மணிக்கு 'லைட்டா சோப்பு. ஓகே.' இ.டி.பி.க்கு ஒரு மணிக்கே 'கேசரி. தலைவலி.'

இ.டி.டி.யை வாங்கினான். மிச்சமான ஆயிரத்து எண்ணூறில் ஒரு பெல்ட்.

இ.டி.பி. சாம்பிள் குப்பியில் பாதி மீந்திருந்தது. அக்கா எடுத்து வைத்துக்கொண்டாள். போன வெள்ளிக்கிழமை வடிவுடையம்மன் கோயிலில் வரிசையில் எனக்கு முன்னால் நின்றாள். தலையில் மல்லி, அதற்குக் கீழே கழுத்தருகில் அந்தக் கேசரி மணம் கொஞ்சமும் இல்லாமல், சந்தனத்துக்குப் பக்கத்தில் ஏதோ ஒன்று. என்ன அத்தர் இது என்று கேட்டேன். "உன் மருமகன் வேணாம்னு விட்டானே, அதான்டா" என்றாள்.